உயர்தரம் முடித்து விமானி இருக்கைக்கு: மலையக வாசகர் கேள்விகள்

விமானியாவது பற்றி இந்த மாதம் வந்த கடிதங்களில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, ஊர்ப் பெயரோடு மட்டும் தருகிறோம்.

பௌதிக விஞ்ஞானப் பிரிவில் உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கிறேன். பயணிகள் விமானத்தில் பைலட் ஆக வேண்டும் என்பது ஆசை. முதலில் பட்டம் முடிக்க வேண்டுமா? எங்கே தொடங்குவது? — மாணவி, பொகவந்தலாவை

பட்டம் கட்டாயமில்லை. வர்த்தக விமானி அனுமதிப்பத்திரத்துக்கு, அதாவது எல்லாரும் சீ.பீ.எல். என்று சொல்வதற்கு, வயது 18, மருத்துவத் தகுதி, ஏட்டறிவுப் பரீட்சைகள், பறந்த மணிநேரம், கடைசியில் பறத்தல் தேர்வு ஆகியவைதான் வேண்டும். வேலைக்கு எடுக்கும் நிறுவனம் தன் பங்குக்கு உயர்தரச் சித்தி, சாதாரண தரத்தில் கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் என்று கேட்கும். அதை அந்தந்த விளம்பரத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

தொடங்க வேண்டிய இடம் பறத்தல் பாடசாலை அல்ல, மருத்துவப் பரிசோதனை. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பணம் கட்டி, சீருடை தைத்து, படம் எடுத்துப் போட்டு, நாற்பது மணிநேரம் பறந்த பிறகுதான் முதலாம் வகுப்பு மருத்துவச் சான்றுக்குப் போகிறார்கள். அங்கே நிறக்குருடு தெரியவந்தால் கட்டிய பணம் திரும்பாது. தனியார் விமானி அனுமதிப்பத்திரமான பீ.பீ.எல். தொடங்க இரண்டாம் வகுப்புச் சான்று போதும் என்று சில இடங்களில் சொல்வார்கள். விதிப்படி அது சரி. ஆனால் உங்கள் இலக்கு பயணிகள் விமானம் என்பதால் முதல் நாளே முதலாம் வகுப்பையே எடுங்கள். ஊர் டொக்டரின் கடிதம் இதற்குச் செல்லாது. சிவில் விமான சேவைகள் அதிகாரசபை ஏற்றுக்கொண்ட விமான மருத்துவப் பரிசோதகரிடம்தான் போக வேண்டும். அதிகாரசபையின் தலைமையகம் கட்டுநாயக்கவில் இருக்கிறது.

பெறுபேறு வரும்வரை உள்ள மாதங்களுக்கு வேறு வேலையும் இருக்கிறது, ஆங்கிலம். அதைக் கீழே அட்டன் வாசகருக்குச் சொல்லியிருக்கிறோம். பெண் என்பதால் விதியில் வேறுபாடு ஏதும் இல்லை. மணிக்கணக்கும் பரீட்சையும் மருத்துவ அளவுகோலும் எல்லாருக்கும் ஒன்றே.

கண்ணாடி போடுகிறேன். சின்ன வயதில் வீசிங் இருந்தது. தகுதி போய்விடுமா? — மாணவர், தலவாக்கலை

கண்ணாடி தடையில்லை. கண்ணாடியோடோ இல்லாமலோ ஒவ்வொரு கண்ணிலும் தனித்தனியே 6/9, இரண்டு கண்ணும் சேர்ந்து 6/6 தெரிய வேண்டும். இது சர்வதேச அளவுகோல். பறக்கும்போது இன்னொரு கண்ணாடி கையில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சான்று தருவார்கள்.

நிறப் பார்வை வேறு விஷயம். புள்ளிப் படங்களுக்குள் எண்ணை வாசிக்கச் சொல்லும் இஷிஹாரா சோதனை முதலில் நடக்கும். அதில் தவறினால் வேறு சோதனைகளுக்கு இடமுண்டு. ஓடுபாதை விளிம்பு விளக்குகள், இறங்கும் சரிவு சரியா என்று காட்டும் சறுக்குப் பாதை விளக்குகள், மற்ற விமானத்தின் சிறகு நுனி விளக்கு எல்லாமே சிவப்பு, பச்சை, வெள்ளையால் பேசுபவை என்பதால் இதில் விட்டுக்கொடுப்பு குறைவு. சிவப்பு-பச்சை நிறக்குருடு எக்ஸ் நிறமூர்த்தத்தின் வழியே தாயிடமிருந்து மகனுக்கு வருவது. தாய்மாமனுக்கோ தாயின் தகப்பனுக்கோ இருந்தால் ஆண்பிள்ளைகள் மற்ற எதற்கும் முன் இந்தச் சோதனையைச் செய்துகொள்வது நல்லது. கண் வைத்தியரிடம் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

வீசிங்கைப் பொறுத்தவரை, இப்போதும் அறிகுறியோடு தொல்லை தரும் ஆஸ்துமா தகுதியை இழக்க வைக்கும். சிறுவயதில் வந்து நின்றுபோனதை, கடைசியாக எப்போது வந்தது, என்ன மருந்து எடுத்தீர்கள் என்ற பதிவோடு கொண்டுபோங்கள். நுரையீரல் அளவைச் சோதனையைப் பார்த்து முடிவு செய்வார்கள். கிளினிக் கொப்பியை மறைக்க வேண்டாம். மறைத்தது பின்னால் தெரிந்தால் அனுமதிப்பத்திரமே போகும், நோயைவிட அது பெரிய இழப்பு.

செவிப்புலனும் இதயத் துடிப்பு வரைபடமும் இதே சோதனையில் அடங்கும். முதலாம் வகுப்புச் சான்று 12 மாதத்துக்கே செல்லும். வேலையில் இருக்கும் காலம் முழுக்க ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். இரு விமானிகள் ஓட்டும் விமானத்தில் 60 வயதுக்குப் பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. பயணிகள் விமானம் ஓட்ட 65 வயது எல்லை.

நான் உயிரியல் பிரிவு. இணைந்த கணிதம் படிக்கவில்லை. முடியுமா? — பண்டாரவளை

முடியும். விமானிக்கு வேண்டிய கணிதம் சாதாரண தரத்துக் கோணகணிதத்துக்குமேல் பெரிதாகப் போவதில்லை. ஆனால் அதைக் கல்குலேட்டர் இல்லாமல், வேறு இரண்டு வேலைகளுக்கு நடுவே, சில விநாடிகளில் செய்ய வேண்டும். ஒரு மாதிரி பாருங்கள். இரத்மலானையிலிருந்து நேர் வடக்கே 90 நொட் (மணிக்கு 90 கடல் மைல்) வேகத்தில் போகிறீர்கள். மேற்கிலிருந்து 20 நொட் காற்று அடிக்கிறது. எந்தத் திசைக்கு மூக்கைத் திருப்பினால் பாதை வடக்காகவே இருக்கும்? சைன் அட்டவணையைப் பார்த்தால் 12.8 பாகை. விமானிகள் 60க்கு 1 என்ற விதியால் கணக்கிடுவார்கள்: 60 மைலுக்கு 1 மைல் விலகினால் அது 1 பாகை. 20ஐ 90ஆல் வகுத்து 60ஆல் பெருக்கினால் 13. வடக்கிலிருந்து மேற்குப் பக்கம் 13 பாகை திருப்பினால் திசை 347. இதைக் காகிதம் இல்லாமல் சொல்ல வந்துவிட்டால் கணிதத்துக்குப் பயப்படத் தேவையில்லை.

பௌதிகவியலில் விசைகள், வாயு விதிகள், மின்சுற்று ஆகிய மூன்றையும் நன்றாகப் படியுங்கள். உயிரியல் வீண்போகாது. உட்காது சமநிலையை எப்படி ஏமாற்றுகிறது, ஒட்சிசன் குறைந்தால் மூளை எதை முதலில் இழக்கிறது என்பதெல்லாம் மனித ஆற்றல் என்ற தனிப் பாடம். வானிலை, வழிகாணல், விமானச் சட்டம், விமான அமைப்பு, பறத்தல் கோட்பாடு, ஆற்றல் கணிப்பு, செயல்முறை, வானொலித் தொடர்பு ஆகியவை மற்றவை.

தமிழ் மொழி மூலம் படித்தவன். ஆங்கிலம் வாசிப்பேன், பேச வராது. — அட்டன்

உயர்தரப் பெறுபேற்றைவிட இது பெரிய தடை. நேரடியாகச் சொல்வதற்கு மன்னிக்க. விமானிக்கு ஆறு படிகள் கொண்ட ஆங்கிலத் தேர்வு உண்டு. நான்காவது படி கட்டாயம். உச்சரிப்பு, இலக்கண அமைப்பு, சொல்வளம், சரளம், விளங்கிக்கொள்ளல், உரையாடல் என ஆறு கூறுகளில் எது மிகக் குறைவோ அதுதான் உங்கள் படி. ஐந்து கூறுகளில் ஆறாம் படி எடுத்து உச்சரிப்பில் மட்டும் மூன்று எடுத்தால் முடிவு மூன்று, தோல்வி. நான்காம் படி எடுத்தவர் மூன்று ஆண்டுக்கொருமுறையும், ஐந்தாம் படிக்காரர் ஆறு ஆண்டுக்கொருமுறையும் திரும்ப எழுத வேண்டும். ஆறாம் படிக்கு மறுதேர்வில்லை.

தமிழ் பேசுவோருக்குச் சிக்கல் வரும் இடங்கள் தெரிந்தவைதான். நம் எழுத்து ஆங்கிலத்தின் P ஒலியையும் B ஒலியையும் ‘ப’ என்று ஒன்றாகவே எழுதும், T, D இரண்டையும் ‘ட’ என்று அப்படியே. வானொலி இரைச்சலில் ‘ஃபிப்டீன்’, ‘ஃபிப்டி’ இரண்டும் ஒன்றாகக் கேட்கும். அதனால்தான் எண்களை ஒவ்வொரு இலக்கமாகச் சொல்வது விதி: 150 பாகை என்றால் ‘வன் ஃபைஃப் ஸீரோ’. மூன்றை ‘ட்ரீ’ என்றும், நான்கை ‘ஃபோவர்’ என்றும், ஒன்பதை ‘நைனர்’ என்றும் சொல்வார்கள். கட்டுப்பாட்டாளர் சொன்ன உயரத்தையும் திசையையும் திருப்பிச் சொல்லாமல் ‘ரொஜர்’ (கேட்டுவிட்டேன்) என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்வது மாணவர் செய்யும் முதல் தவறு. திருப்பிச் சொல்லும்போதுதான் தவறாகக் கேட்டது வெளிப்படும்.

பஸ்ஸில் போகும்போது கண்ணில் படும் நம்பர் பிளேட்டுகளையெல்லாம் ஏ, பீ, சீ என்பதற்கு வானொலியில் சொல்லும் ‘அல்ஃபா, பிராவோ, சார்ளி’ முறையில் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். பக்கத்து ஆசனத்தில் இருப்பவர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார், அவ்வளவுதான்.

மகன் உயர்தரத்தில் நல்ல பெறுபேறு எடுத்திருக்கிறான். ஒரு ஏஜென்சிக்காரர் முழுத் தொகையையும் ஒரேயடியாகக் கட்டினால் கழிவு தருகிறேன் என்கிறார். என் சேமலாப நிதியை எடுத்துக் கட்டவா? — தோட்டத் தொழிலாளி, மஸ்கெலியா

கட்டாதீர்கள், ஐயா. முழுப் பணத்தையும் முன்கூட்டியே கேட்பவர் யாராக இருந்தாலும் அவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். பாடசாலை மூடப்படலாம், விமானம் பழுதுபார்ப்புக்கு நிற்கலாம், பயிற்றுவிப்பாளர் வேறு வேலைக்குப் போய்விடலாம். அப்போது கையில் பணம் இருப்பவர்தான் பேச முடியும். பத்து மணிநேரத்துக்கு ஒரு தவணை என்ற முறைக்கு ஒப்புக்கொள்ளும் இடத்தில் சேர்க்கப் பாருங்கள்.

பணம் எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். சீ.பீ.எல்.லுக்குச் சர்வதேசக் குறைந்தபட்சம் 200 மணிநேரம். அதிகாரசபை அங்கீகரித்த முழுநேரப் பாடநெறியானால் 150. இரண்டு பேர் அமரும் செஸ்னா 152 மணிக்கு ஏறத்தாழ 22 முதல் 25 லீற்றர் பெற்றோல் குடிக்கும். அது விமான எஞ்சினுக்கான தனிப் பெற்றோல், வெளிநாட்டிலிருந்து டொலரில் வருவது. 200 மணிநேரத்துக்கு 5,000 லீற்றர்வரை போகும். உதிரிப்பாகமும் காப்புறுதியும் டொலர்தான். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவானது. ரூபாவில் கணக்குப் போட்டுவிட்டு அரைவழியில் நின்றவர்களின் நிலையை நினைத்துப் பாருங்கள். கணக்கை டொலரில் போட்டு, அதற்குமேல் நாலில் ஒரு பங்கு கூட்டிவையுங்கள்.

ஏனென்றால் குறைந்தபட்ச மணிநேரத்தில் முடிப்பவர் சிலர்தான். பீ.பீ.எல்.லுக்கு விதி சொல்வது 40 மணிநேரம், பலருக்கு அதைத் தாண்டும். பெரும் காரணம் இடைவெளி. கையில் பணம் தீர்ந்து இரண்டு மாதம் பறக்காமல் இருந்தால், திரும்பி வந்து முதல் சில மணிநேரம் பழையதை மீட்கவே செலவாகும். ஆகவே கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து மாதம் ஒருமுறை பறப்பதைவிட, ஒரு கட்டத்துக்கான பணம் முழுதும் சேர்ந்த பிறகு வாரம் மூன்று நாள் பறப்பதே மொத்தத்தில் மலிவு.

கேட்டு எழுதி வாங்க வேண்டியவை: மணிக்கட்டணத்தில் எரிபொருளும் பயிற்றுவிப்பாளரும் அடங்குமா? தரையிறங்கு கட்டணம் தனியா? எஞ்சின் தொடங்கியதிலிருந்து நிற்கும்வரையா, சக்கரம் தரையைவிட்டு எழும்பியதிலிருந்தா மணி கணக்கு? பறந்த நேரத்துக்கும் பில்லுக்கும் வேறுபாடு வருவது இந்த இடத்தில்தான். பறக்கும் நிலையில் எத்தனை விமானம், எத்தனை மாணவர்? இரண்டு விமானத்துக்கு முப்பது மாணவர் என்றால் வரிசையிலேயே ஒரு வருடம் போகும்.

வங்கிக் கடனுக்குப் பிணை கேட்பார்கள். லயத்தில் இருப்பவர்க்குக் காணி உறுதி இல்லை, புதிய வீடு கிடைத்தவர்க்கும் சில பேர்ச்சஸ்தான். அதையும் வைத்துவிட்டு, மகனுக்கு வேலை தாமதமானால் தவணையை யார் கட்டுவது? ஓய்வுகாலப் பணத்தை இதில் வைக்க வேண்டாம் என்பது எங்கள் முடிவான கருத்து. விமான நிறுவனம் தன் செலவில் பயிற்சி தந்து ஒப்பந்தப் பிணைப்போடு வேலை தரும் கெடெட் திட்டம் அறிவிக்கப்படும்போது மகன் விண்ணப்பிக்கட்டும். இன்னொரு வழி விமானப்படை. சீனக்குடாவில் பறத்தல் பயிற்சி, செலவு அரசினுடையது, பதிலுக்குச் சேவைக் கால ஒப்பந்தம். அதுவரை கட்டுப்பாட்டுக் கோபுரப் பணி, விமானப் பராமரிப்புப் பயிற்சி போன்றவற்றுக்கும் விண்ணப்பிக்கலாம். விஞ்ஞானப் பிரிவு இரண்டுக்கும் உதவும்.

நுவரெலியாவில் ஏன் விமான நிலையம் கட்டவில்லை? இதையும் படிக்க வேண்டுமா? — ஒன்பதாம் வகுப்பு மாணவன், நுவரெலியா

நல்ல கேள்வி, தம்பி. சமதரை இல்லாதது ஒரு காரணம், காற்று இன்னொரு காரணம். நுவரெலியா 1,868 மீற்றர், 6,100 அடிக்குமேல். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். வீட்டில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடுவதும் பருப்பு வேக நேரம் எடுப்பதும் அதனால்தான்.

விமானத்துக்கு இன்னும் மோசம். திட்ட வளிமண்டலக் கணக்கில் அந்த உயரத்தில் வெப்பநிலை 3 பாகைதான் இருக்க வேண்டும். வெயில் நாளில் 20 பாகை என்றால் 17 பாகை கூடுதல். ஒரு பாகைக்கு ஏறத்தாழ 120 அடி என்று கூட்டினால், விமானம் உணரும் உயரம் 8,100 அடியைத் தாண்டும். தரையில் நிற்கும்போதே சிறகுக்கும் எஞ்சினுக்கும் பிதுருதலாகல உச்சியில் இருப்பது போல. காற்றடர்த்தி 78 சதவீதம் என்பதால் எழும்பத் தேவையான உண்மை வேகம் 13 சதவீதம் கூடும். ஓடும் தூரம் வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப நாலில் ஒரு பங்குக்குமேல் கூடும். டர்போ இல்லாத சிறிய எஞ்சினின் வலுவும் சேர்ந்து குறைவதால் மொத்தத் தூரம் இரு மடங்கை நெருங்கலாம். எழும்பினால் எதிரே மலை.

காசல்ரீ நீர்த்தேக்கத்தில் செஸ்னா கரவன் நீர்விமானம் இறங்கியதுண்டு. நீளமான நீர்ப்பரப்பும் டர்பைன் எஞ்சினும் அதற்கு இடம் கொடுத்தன.

மூடுபனியும் பாடத்தில் வரும். இரத்மலானையில் வெப்பநிலை 30, பனிபடுநிலை (காற்றின் ஈரம் நீர்த்துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) 24 என்றால் வித்தியாசம் 6. அதை 400ஆல் பெருக்கு: 2,400 அடி. மேகத்தின் அடி அங்கே தொடங்கும். அட்டன் நகரமோ 4,100 அடிக்குமேல். தென்மேல் பருவத்தில் அட்டனில் நீ பனி என்பது கொழும்பிலிருந்து பார்ப்பவனுக்கு மேகம். அதே காற்று வட்டவளையில் மழையைக் கொட்டிவிட்டு வெலிமடைப் பக்கம் இறங்கும்போது உலர்ந்து சூடாகிறது. மலையின் மறுசரிவில் இறங்கும் காற்று சிறிய விமானத்தையும் சேர்த்துக் கீழே அழுத்தும். அதனால் மலைமுகட்டைக் குறைந்தது 2,000 அடி மேலே, நேருக்கு நேராக அல்லாமல் பக்கவாட்டில் 45 பாகைக் கோணத்தில் அணுகச் சொல்வார்கள். திரும்பி ஓட இடம் இருக்கும்.

ஏழு கன்னியர் மலையில் விழுந்த விமானத்தைப் பற்றித் தாத்தாமார் சொல்வார்கள். அப்படி இப்போதும் நடக்குமா? — நோர்ட்டன் பிரிட்ஜ்

1974 டிசம்பர் 4 இரவு. சுரபாயாவிலிருந்து ஹஜ் பயணிகளை ஏற்றி, கொழும்பு வழியாக ஜித்தா போகவிருந்த மார்ட்டின்எயார் டீசீ-8. கட்டுநாயக்கவில் இறங்கத் தாழ்ந்து வந்தது. 191 பேரும் இறந்தார்கள். எஞ்சின் பழுதல்ல, தாம் விமான நிலையத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம் என்பதைத் தவறாகக் கணித்ததே காரணம்.

இதை மாணவர் கணக்காகவே பார்க்கலாம். பயணிகள் விமானம் 3 பாகைச் சரிவில் இறங்கும். டேன் 3 பாகை 0.052, கடல் மைல் 6,076 அடி, ஆக மைலுக்கு 318 அடி. சுருக்கமாக, ஆயிரம் அடிக்கு 3 மைல். விமானம் மோதியது 4,300 அடியளவில். அந்த உயரத்துக்கு உரிய தூரம் 13 மைல். ஏழு கன்னியர் மலை கட்டுநாயக்கவிலிருந்து ஏறத்தாழ 40 மைல். அந்த இடத்தில் 13,000 அடியில் இருக்க வேண்டியவர்கள். உயரத்தை மூன்றால் பெருக்கித் தூரத்தோடு ஒப்பிடும் பழக்கத்தைப் பயிற்றுவிப்பாளர்கள் ஓயாமல் வலியுறுத்துவதன் பொருள் இதுதான்.

இன்று செய்மதி வழிகாட்டலும், உலக நிலவரைபடத்தைத் தன்னுள் வைத்திருந்து மலையை முன்கூட்டியே கத்திச் சொல்லும் எச்சரிக்கைக் கருவியும் உண்டு. அணுகல் வரைபடத்தில் 25 மைல் வட்டத்துக்கான பாதுகாப்பு உயரம் அச்சிட்டிருக்கும், மிக உயர்ந்த தடைக்குமேல் 1,000 அடி விட்டு. இடம் உறுதியாகும்வரை அதற்குக்கீழ் போகக்கூடாது. ஆபத்து வெகுவாகக் குறைந்தது, பூச்சியமாகவில்லை.

200 மணிநேரம் முடித்து சீ.பீ.எல். எடுத்தால் உடனே வேலையா? — பதுளை

இல்லை. அந்த 200இல் விமானத் தலைமை ஏற்றுப் பறந்தது 100, அதில் ஊர்விட்டு ஊர் 20, கருவிகளை மட்டும் பார்த்துப் பறந்தது 10 இருக்க வேண்டும். 540 கிலோமீற்றருக்குக் குறையாத ஒரே பயணமும் வேண்டும், வழியில் வெவ்வேறு இரு நிலையங்களில் முழுமையாக இறங்கி. இரத்மலானையிலிருந்து பலாலி நேர்கோட்டில் 330 கிலோமீற்றர் என்பதால், பலாலி, மட்டக்களப்பு என்று சுற்றி வந்தால் தாராளமாகப் போதும். இதற்குமேல் இரட்டை எஞ்சின் தகுதி, கருவிப் பறத்தல் தகுதி, விமானப் போக்குவரத்து விமானி அனுமதிப்பத்திரமான ஏ.டீ.பீ.எல்.லின் ஏட்டறிவுப் பரீட்சைகள், இருவர் ஒத்துழைத்துப் பறக்கும் பயிற்சி எல்லாம் முடிந்தால்தான் துணை விமானி வேலைக்கு விண்ணப்பம் எடுபடும். கப்டனுக்குரிய ஏ.டீ.பீ.எல். முழுமையாகக் கிடைக்க 1,500 மணிநேரம், 21 வயது.

குறிப்பிட்ட விமான வகைக்கான தகுதிப் பயிற்சியை, உதாரணமாக எயார்பஸ் ஏ320, வேலை கையில் இல்லாமல் சொந்தப் பணத்தில் செய்யாதீர்கள். ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் எயார்பஸ் மட்டுமே வைத்திருப்பதால் ஏ320 செய்துவைத்தால் கைகொடுக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். சிமுலேட்டர் பயிற்சி முடித்து வீட்டில் இருந்தால் தகுதி காலாவதியாகும், திரும்பவும் பணம் கட்ட வேண்டும். பயணிகளை ஏற்ற 90 நாளுக்குள் 3 எழும்பலும் 3 இறங்கலும் வேண்டும் என்ற விதி வேறு. இடைக்காலத்தில் மணிநேரம் சேர்க்க நல்ல வழி பயிற்றுவிப்பாளர் தகுதி. சம்பளம் குறைவு, ஆனால் மணிநேரத்துக்கு நீங்கள் பணம் கட்டத் தேவையில்லை.

விமானப் பொறியியல் படித்தால் பைலட் ஆகலாமா? — வெலிமடை

இரண்டும் வேறு தொழில். பொறியியல் பட்டம் பறக்கும் மணிநேரத்தில் ஒரு மணியைக்கூடக் குறைக்காது. மருத்துவச் சான்று எப்போதாவது போனால் சோறு போடும் இரண்டாவது தொழிலாகப் படியுங்கள், அது வேறு.